கடல் தாண்டி இன்னொரு வீடு

"நூறு வருஷத்துக் கல் வீடு சார். கூரை, குழாய், வயரிங் எல்லாம் புதுசு. உத்தரம் மட்டும் பழசை அப்படியே விட்டிருக்கோம்," என்றார் வீட்டுத் தரகர்.

ஓய்வுபெற்ற என்ஜினியர் அண்ணாந்து பார்த்தார். "பிரமாதம்!"

"எனக்கும் பிடிச்சிருக்குங்க," என்றாள் அவர் மனைவி.

தரகர் அசந்துபோனார். வீடு பார்க்க வரும் தம்பதிகள் சமையலறைக்குள் நுழைந்ததுமே முட்டிக்கொள்வதுதான் அவர் கண்ட வழக்கம். இவர்களோ சுவரின் நிறத்தில்கூட ஒத்துப்போனார்கள். இந்தக் கிராமத்தில் போனுக்கு சிக்னல் கிடைக்காது என்றபோது, இருவர் முகமும் ஒன்றாக மலர்ந்தது.

"வெளிநாட்டுல ரெண்டாவது வீடு, கூடவே இப்படி ஒரு ஜோடிப் பொருத்தம்! கொடுத்து வச்சவங்க நீங்க. ரெண்டு பேரும் எப்ப வந்து தங்கப் போறீங்க?"

"ரெண்டு பேருமா?" பதறிப்போனாள் மனைவி. "இவர் இங்க இருந்தா நான் அங்க. நான் இங்க வந்தா இவர் அங்க. அதுக்குத்தானே வாங்கறோம்!"

தரகர் மெல்லக் கேட்டார். "அதுக்கு உங்க ஊர்லயே பக்கத்துத் தெருவுல ஒண்ணு பார்த்திருக்கலாமே?"

"பக்கத்துத் தெருன்னா சண்டை போட நடந்தே வந்துடுவா சார்," என்றார் என்ஜினியர்.

மனைவி அவரைப் பெருமையோடு பார்த்தாள்.

"கல்யாணமான நாள்ல இருந்து இன்னிக்குத்தாங்க உருப்படியா ஒரு வார்த்தை பேசியிருக்கீங்க!"