எழுத்தின் அளவு

பௌசியா, கணினி நிரல் எழுதும் தன் கோட் எடிட்டரில் எழுத்தின் அளவைப் பதினாலிலிருந்து பதினெட்டாக்கியதை யாரும் கவனிக்கவில்லை. கண் நரம்பு பழுதாகிக்கொண்டே வருகிறது என்று டாக்டர் சொன்ன வாரம் அது. பிறகு இருபத்துநாலு, பிறகு நாற்பது. பின்னணியைக் கறுப்பாக்கினாள், எழுத்தை மஞ்சளாக்கினாள், ஓரத்தில் இருந்த பட்டைகளையெல்லாம் தூக்கிக் கடாசினாள். ஆறாவது மாதம் திரை முழுக்க ஒரேயொரு அடைப்புக்குறி நின்றது, கதவில்லாத வாசல் மாதிரி. அதுவும் மங்கியபோது, வரிகளை வாசித்துக் காட்டும் குரலை எடிட்டரோடு இணைத்தாள். முதலில் அது ஊர்ந்தது. தினமும் வேகத்தைக் கூட்டினாள். இயர்போனிலிருந்து கசிந்தது மற்றவர்களுக்கு வெறும் வண்டு இரைச்சல். அவளுக்கு ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாகக் கேட்டது. ஒரு திங்கட்கிழமை காலை திரையை அணைத்தேவிட்டாள்.

அன்று மதியம் டீம் லீடர் தனசேகர் வந்து நின்றார். அணைந்த திரைக்கு முன்னால் அவள் விரல்கள் ஓடிக்கொண்டிருந்தன. அவர் தொண்டையைச் செருமினார்.

"பௌசியா, உங்களுக்கு இனிமே கோடிங் வேணாம். டாக்குமென்ட் டீமுக்கு மாத்திடலாம்னு மேல பேசிட்டேன்."

அவள் ஒரு காதிலிருந்து இயர்போனை எடுத்தாள். "அத அப்புறம் பேசலாம் சேகர். வெள்ளிக்கிழமை நீங்க ஒரு கோட் எழுதி அனுப்பினீங்கல்ல, அதுல இருநூத்திப் பன்னெண்டாவது வரி. லூப் ஒரு சுத்து கூடுதலா ஓடுது."

"எங்க?" என்று குனிந்தார். திரையின் கறுத்த கண்ணாடியில் அவர் முகம்தான் தெரிந்தது.

"ஸ்கிரீன் பட்டன் கீழ வலது பக்கம் இருக்கு," என்றாள், இயர்போனைத் திரும்ப மாட்டிக்கொண்டே. "உங்களுக்கு வேணும்னா போட்டுக்கங்க."