அடங்காத இரைச்சல்

மீட்டர்காரர் படியிறங்க இறங்க, அவர் கையிலிருந்த கருவி கூடுதலாகக் கத்தியது.

அவள் தரை துடைப்பதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் சந்தேகம் வரும்.

அவருக்குப் பின்னால் சாவிக்கொத்தைக் குலுக்கிக்கொண்டு சூப்பர்வைசர் வந்தார். மேலே எல்லா மாடியிலும் பிள்ளைகள் கம்ப்யூட்டரில் பரீட்சை எழுதுகிறார்கள். காலையிலிருந்து வைஃபை அறுந்து அறுந்து போகிறது. எவரோ திருட்டுத்தனமாக எதையோ மாட்டியிருக்கிறார்கள், அதன் அலை காலேஜ் அலையோடு மோதுகிறது, அகப்பட்டவர் இன்றைக்கே மூட்டை கட்டலாம் என்று மேலிடத்து உத்தரவு. அந்தத் திருட்டு அலையை மோப்பம் பிடிக்கத்தான் மீட்டர்காரரை வரவழைத்திருந்தார்கள்.

மாட்டியிருந்தது அவள்தான்.

இந்தக் கீழ்த்தளத்தில் போனுக்கு டவர் எடுக்காது. வீட்டில் மகள் தனியாக இருக்கிறாள். வலிப்பு வருகிற பிள்ளை. வரப்போவது அவளுக்குக் கொஞ்சம் முன்னாலேயே தெரிந்துவிடும், உடனே அம்மாவைக் கூப்பிடுவாள். இவள் பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டு ஓடச் சொல்வாள். அந்த ஒரு அழைப்புக்காகத்தான், மேல்மாடி வைஃபையைக் கீழே இழுத்துத் தரும் சின்னப் பெட்டி ஒன்றைப் பழைய சாமான் கடையில் வாங்கி, பெண்கள் உடை மாற்றும் அறையில் பீரோவுக்குப் பின்னால் செருகியிருந்தாள்.

சூப்பர்வைசருக்கு அது தெரியும். கண்ணில் பட்ட அன்றைக்கே, "நான் ஒண்ணும் பாக்கல தங்கச்சி" என்று சொல்லிவிட்டுப் போனவர். நல்ல மனுஷன். வேலைக்கு லேட் என்று பெண்கள் திட்டு வாங்கியபோது, கைக்காசு போட்டுக் கடிகாரம் வாங்கி அந்த அறையில் தானே ஆணியடித்து மாட்டினார். பேட்டரி தீர்ந்தால்கூட அவரே வந்து மாற்றிவிட்டுப் போவார்.

"எம் புருஷன் சாராயம் குடிக்கிறத விட இது பேட்டரி அதிகமா குடிக்குது" என்று கூட வேலை பார்க்கும் குட்டையக்கா சொல்லிச் சிரிப்பாள்.

அந்த அறைக் கதவருகே கருவி வீறிட்டது.

சூப்பர்வைசர் குறுக்கே வந்து நின்றார். "லேடீஸ் ரூம் சார். துணி மாத்துற இடம். நாகரிகம்னு ஒண்ணு இருக்குல்ல?"

"ஆளில்லாதப்பதான பாக்கறேன். எனக்கும் மேலேர்ந்து கழுத்துல கத்தி."

சூப்பர்வைசர் அவளை ஓரமாக இழுத்தார். முகமெல்லாம் வேர்த்திருந்தது.

"பெட்டியைக் கழட்டிக் கொண்டாந்து அந்தாளு கையில குடுத்துரு. என்னோடதுதான்னு ஒத்துக்க. அந்தாள உள்ள விடாத. மத்தத அண்ணன் பேசிக்கறேன்."

தனக்காக ஒரு மனிதருக்கு இப்படி வேர்க்கிறதே என்று நினைத்தபடி அவள் தலையாட்டினாள்.

"உள்ள துணிமணி போட்டது போட்டபடி கெடக்கு சார். எடுத்து வெச்சுட்டுக் கூப்பிடறேன்," என்றாள் மீட்டர்காரரிடம்.

சூப்பர்வைசரே சாவி போட்டுத் திறந்துவிட்டார்.

பீரோவுக்குப் பின்னால் கையை விட்டுப் பிளக்கைப் பிடுங்கினாள். பெட்டி கோழிக்குஞ்சு மாதிரி சூடாக இருந்தது. பச்சை விளக்கு அணைந்தது. இனி மகள் கூப்பிட்டால் தெரியாது.

அதை ஏந்திக்கொண்டு கதவு வரை போனாள். அங்கே கால் நின்றது.

அவள் அம்மா சித்தாள். கலவை மெஷின் உடைந்தபோது, ஒத்துக்கொண்டால் ஒன்றும் ஆகாது என்று மேஸ்திரி சொன்னதை நம்பி ஒத்துக்கொண்டாள். அன்று சாயங்காலமே வேலை போய், சட்டியோடு வீட்டுக்கு வந்தாள். ஒத்துக்கொண்டவளை எந்த முதலாளி வைத்திருந்தான்?

பெட்டியை யூனிஃபார்முக்குள் இடுப்பில் செருகிக்கொண்டு கதவைத் திறந்தாள்.

"ஒண்ணுமில்ல சார். வாங்க."

சூப்பர்வைசரின் பார்வை அவள் வெறுங்கையிலேயே நின்றது.

கருவி இனி வாயை மூடும் என்று அவள் காத்திருந்தாள். அது முன்னைவிடத் தெளிவாகக் கத்தியது.

மீட்டர்காரர் திரையைப் பார்த்தார். பிறகு அவள் இடுப்பைப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"இவ்வளவு நேரம் ரெண்டு அலை கலந்து குழப்பிட்டு இருந்துச்சுக்கா. சின்னது அடங்கிருச்சு, அதை விடுங்க. பெரிசு இன்னும் உள்ளதான் இருக்கு."

அவள் மாட்டியது ஒன்றே ஒன்றுதான்.

அவர் உள்ளே நடந்தார். பீரோவைக் கருவி கண்டுகொள்ளவில்லை. பெஞ்சை, கண்ணாடியை, துணி மாட்டும் கொக்கிகளைக் கடந்தது. எதிர்ச்சுவர் பக்கம் திரும்பியதும் விட்டு விட்டு வந்த சத்தமெல்லாம் சேர்ந்து ஒரே ஊளையாகிவிட்டது.

மீட்டர்காரர் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினார். கடிகாரத்தைக் கழற்றினார். பின்பக்கத்தைத் திறந்து பார்த்தார். முன்பக்கம் திருப்பி, பன்னிரண்டுக்குக் கீழே கடுகளவு இருந்த துளையையும் அதனுள் மின்னிய லென்ஸையும் பார்த்தார்.

சட்டென்று அதை உள்ளங்கையால் பொத்தினார்.

அவள் வெறும் ஆணியைப் பார்த்தாள். அதற்கு நேர் எதிரே இருந்த கொக்கிகளைப் பார்த்தாள். குட்டையக்காவின் கொக்கி. புதிதாகச் சேர்ந்த பெண்ணின் கொக்கி. அவளுடையது. காலையும் சாயங்காலமும் அவர்கள் நின்று உடை மாற்றும் இடம்.

"இதுக்கு யாருக்கா பேட்டரி மாத்துறது?"

அவள் திரும்பினாள்.

கதவில் சாவிக்கொத்து மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.