கறவைக் கொட்டகையின் தாளம்

ஆஸ்திரேலியாவின் வாரகல் ஊர் முதியோர் இல்லத்தின் மேற்கு ஜன்னலில் மாலை வெயில் சாய்ந்து கிடக்கிறது. தட்டில் லாமிங்டன் கேக் தொடப்படாமல் காய்கிறது. நெரிதா தன் மூன்றாவது தனி ஆல்பத்தை, உலகம் கேட்பதற்கு முன், அப்பா மெர்விடம் கொண்டுவந்திருக்கிறாள். ஹெட்போனை அவர் காதில் மெதுவாகப் பொருத்துகிறாள். முதல் இரண்டு ஆல்பங்களை மெர்வ் கேட்டதே இல்லை, "கம்ப்யூட்டர் போடுற சத்தமெல்லாம் ஒரு பாட்டா?" என்று ஒதுக்கிவிட்டவர். இதில் கடைசிப் பாட்டின் தாளமோ, அவருடைய கறவைக் கொட்டகையில் பால் கறக்கும் இயந்திரத்தை ஓட்டிய பழைய பம்பின் சத்தம்தான். பண்ணை கைமாறுவதற்கு முந்தைய நாள் அவள் அதைப் பதிவுசெய்துவைத்தாள்.

அந்தப் பாட்டு வந்ததும் அவர் விரல் போர்வையின்மேல் தட்டத் தொடங்குகிறது. புருவம் சுருங்குகிறது.

"பம்ப் இடிக்குது. பெல்ட் தேஞ்சு போச்சு. மாடெல்லாம் கறக்காம நிக்குமே!" நாற்காலியின் கையைப் பிடித்து எழப் பார்க்கிறார்.

"நான் பார்த்துக்கிறேம்ப்பா. நீங்க உட்காருங்க."

"நீ நேத்து வேலைக்கு வந்த பொண்ணு, உனக்கென்ன தெரியும்? எம்மக நெரிதாவைக் கூப்பிடு. சத்தத்தை வெச்சே எங்க கோளாறுன்னு சொல்லிடுவா. அப்படி ஒரு காது அந்தக் கழுதைக்கு!"

இப்படி ஒரு பாராட்டை அவர் வாயால் அவள் கேட்டதே இல்லை.

"கூப்பிடுறேன்," என்கிறாள்.

ஹெட்போனுக்குள் அவள் குரல் சன்னமாகப் பாடிக்கொண்டிருக்கிறது. மெர்வ் அவளைத் தாண்டி வாசலையே பார்த்துக்கொண்டு, மகள் வருவதற்காகக் காத்திருக்கிறார்.