பக்கத்து இருக்கை

இதைத் தப்பும் தவறுமாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. எட்டாவதோடு படிப்பை விட்டவள் நான். வரி விஷயம் என்றாலே குழப்பம்தான்.

எங்கள் கன்சாஸில் விவசாயத்துக்கு ஓடுகிற டிராக்டருக்குச் சொத்து வரி கிடையாது. சும்மா நின்றால் உண்டு.

என் கணவர் ஆர்லன் போய் இரண்டு வருஷம். நிலத்தைப் பக்கத்துப் பண்ணை லோவெலுக்குக் குத்தகைக்கு விட்டுவிட்டேன். அவனிடம் சொந்த டிராக்டர் இருக்கிறது. ஆனாலும், 'விவசாயத்துக்கு ஓடுகிறதா?' என்று படிவத்தில் கேட்டால், 'ஆம்' என்றே எழுதிக்கொண்டிருந்தேன். வரி போட்டால், ஆர்லனின் டிராக்டரை விற்றுத்தான் கட்ட வேண்டும்.

லோவெலுக்கு அதன் மேல் ஒரு கண்.

"உழைக்கிற டிராக்டருக்குத்தான் வரி இல்லைக்கா. உங்களோடது பென்ஷன் வாங்கிட்டுப் படுத்துக் கிடக்கு."

"உனக்கென்னடா வந்தது?"

"எங்கிட்ட விடுங்க, நான் ஓட்டுறேன். நெசமாவே உழைச்சதா ஆயிடும்."

"ஆர்லன் உக்காந்த எடத்துல நீயா?"



போன வெள்ளிக்கிழமை வரி அலுவலகத்து ஜோலீன் நேரிலேயே வந்துவிட்டாள். கொட்டகைக்குள் போய், டிராக்டரில் ஏறி, எஞ்சின் ஓடிய நேரத்தைக் காட்டும் மீட்டரைப் பார்த்தாள்.

"போன வருஷத்தைவிடத் தொண்ணூத்தி நாலு மணி நேரம் கூடியிருக்கு. நல்லா ஓடியிருக்கே."

"ஓடுச்சும்மா."

"ஆனா சக்கரத்துல சிலந்தி கூடு கட்டியிருக்கு."

அவள் கண் ஓட்டுநர் இருக்கைக்குப் போனது. விரல் கனத்துக்குத் தூசி. அதன் இடப்பக்கத்தில் ஒண்டிக்கொண்டு இருக்கும் சின்ன இருக்கை மட்டும் துடைத்தது போல இருந்தது.

"வெர்னாம்மா, இந்தச் சின்னதுல யாரு உக்கார்றது?"

அதற்கு மேல் பொய் வரவில்லை.

"நான்தான். முப்பது வருஷமா அதான் என் எடம். விதைக்கிறப்போ, அறுக்கிறப்போ, எப்பவும். இப்பவும் மத்தியானத்துல எட்டி எஞ்சினைப் போட்டுட்டு உக்காந்திருப்பேன். ரேடியோல கோதுமை விலை சொல்லி முடிக்கிற வரைக்கும். அவரு அதைக் கேக்காம எறங்க மாட்டாரு."

ஜோலீன் பேனாவை மூடினாள்.

"இதை விவசாயம்னு எழுத முடியாதும்மா."

"தெரியும்."

"இன்னிக்கு எதுவும் எழுதலை. திங்கக்கிழமை வந்து மறுபடி பாக்குறேன்."

இறங்கிப் போனவள் கார் கதவைப் பிடித்தபடி, "சனி, ஞாயிறு மழை இல்லையாம்," என்றாள்.

ராத்திரி முழுக்கப் புரண்டேன். சனிக்கிழமை காலையில், ஆர்லனின் டிராக்டரை ஓட்ட வரச் சொல்லி லோவெலைக் கூப்பிட்டேன். வடக்கு வயலில் ஓட்ஸ் விதைக்க வேண்டியிருந்தது.

கொட்டகைக்கு வந்தவன் ஏதாவது குத்திப் பேசுவான் என்று காத்திருந்தேன். அவன் ஏறி, அந்தத் தூசி படிந்த இருக்கையைக் கொஞ்ச நேரம் பார்த்தான். தட்டவில்லை. அந்தக் குளிரில் தன் கோட்டைக் கழற்றி, அதன் மேல் மெதுவாக விரித்து, விளிம்பில் உட்கார்ந்தான்.

"அவரு எடம் அவருக்கே இருக்கட்டும்க்கா. நான் சும்மா ஓட்டிட்டுப் போறவன்."

நான் என் இடத்தில் ஏறி உட்கார்ந்து, ரேடியோவைப் போட்டேன். வயல் முடிகிற வரை, ஆர்லனின் இருக்கை இருந்த வலப்பக்கம் திரும்பவே இல்லை.