தினமும் படிக்கிற இதழ்

"அந்த இதழ் ஒரு நாள் நின்னாலும் என் ஆராய்ச்சி நின்னுடும்மா. அப்புறம் உங்க வேலையும் நிக்கும்" என்றார் துறைத் தலைவர்.

நூலகர் வியர்த்த உள்ளங்கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டாள். அவளுடைய ஒப்பந்த வேலை இந்த மாதத்தோடு முடிகிறது. நீட்டிப்பதா வேண்டாமா என்று எழுதவேண்டியது இவர் கை. மூட்டை தூக்கி முதுகு போன கணவன் வீட்டில் படுத்திருக்க, அடுப்பு எரிவது இவள் சம்பளத்தில்தான்.

கல்லூரி நூலகம் வாங்குகிற ஆராய்ச்சி இதழ்கள் எல்லாம் கணினியில் மட்டும் வருபவை. ஆண்டு உரிமம் இருந்தால்தான் திறக்கும். செலவைக் குறைக்கச் சிலவற்றை வெட்டச் சொல்லி மேலிடத்து உத்தரவு. காலையில் நடந்த கூட்டத்தில் அவரவர் இதழுக்கு அவரவர் குறுக்கே படுத்துவிட்டார்கள். அடுத்த துறை இதழை வெட்டுவதில் மட்டும் எல்லோருக்கும் தாராள மனசு. துறைத் தலைவர் அதோடு விடாமல் அவளைத் தன் அறைக்கே அழைத்துவிட்டார்.

மேசையில் குறுக்கெழுத்து பாதி போட்ட செய்தித்தாள். கணினித் திரையின் மேல் கைத்துண்டு காய்ந்துகொண்டிருந்தது. அந்த இதழைத் தொடாமல் தனக்குப் பொழுதே விடியாது என்றார். காலையில்கூட ஒரு கட்டுரை படித்ததாகவும், அதிலிருந்த பிழையைப் பதிப்பாசிரியருக்கு எழுதிப் போடப்போவதாகவும் சொன்னார்.

"இன்னிக்குக் காலையிலயா சார்?"

"பின்ன? புதுசா வந்த இதழ்மா. ஏன், நீங்கல்லாம் படிக்கிறதில்லையா?"

"எங்க சார், எங்களுக்கு ஒட்டடை அடிக்கவே நேரம் சரியா இருக்கு."

அவளுக்கு வியர்வை நின்றுவிட்டது. அந்த இதழை யாரும் வெட்டாமல் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். சாரே இரண்டு வரி எழுதித் தந்தால் இன்னும் பலமாக இருக்கும் என்றாள்.

அவர் குளிர்ந்துபோனார். இதழை நாள்தோறும் பயன்படுத்துவதாகவும், அது ஒரு நாளும் தடைபடாமல் கிடைக்க இந்த நூலகரே காரணம் என்றும் எழுதினார். அந்த வேகத்திலேயே அவளது ஒப்பந்த நீட்டிப்பிலும் கையெழுத்துப் போட்டார்.

நூலகத்துக்குத் திரும்பியவள் இரண்டு தாளையும் கோப்பில் வைத்துவிட்டு, பதிப்பகத்துக்கு மின்னஞ்சல் தட்டினாள்:

"உரிமத்தைப் புதுப்பிக்க நான் மறந்துவிட்டேன், மன்னிக்கவும். எங்கள் வளாகத்தில் நான்கு மாதமாகத் திறக்காமல் கிடக்கும் உங்கள் இதழைத் திறந்துவிடுங்கள். அவசரம் ஒன்றுமில்லை, இங்கே இதுவரை யாரும் கேட்கவில்லை."