கொயிலின்மேல் ஐஸ்

கிண்ணியாத் துறையடியில், வாகனம் ஏற்றிக் கடக்கும் மிதவைப் பாதை இன்னும் அக்கரையில் நிற்கும்போதே எங்கள் பழைய வேன் நின்றுவிடுகிறது. வாப்பா சாவியைத் திருகத் திருக எஞ்சின் சுற்றுகிறது, பிடிக்கவில்லை. சூடேறினால் இதே கூத்துத்தான். ஆறவிட்டுக் கராஜுக்குக் கொண்டுபோனால் நல்ல பிள்ளையாக உறுமும். கராஜ்காரர்கள் காபரேட்டரை மாற்றினார்கள், பற்றரியை மாற்றினார்கள். நடுவழியில் இறங்கி நடந்த சனம் பிறகு எங்களை ஹயருக்குக் கூப்பிடவில்லை. அதனால்தான் இன்று நான் கட்டாருக்கு வேலைக்குப் போகிறேன். பின்சீற்றில் என் பெட்டி வெயிலில் கிடக்கிறது.

மீன்பெட்டியோடு நிற்கும் ஸைனுலாப்தீன் காக்கா வேனைப் பார்த்துச் சிரிக்கிறார். "வெயிலுக்குப் புள்ள மயங்கிட்டா. இவவுக்கும் கொஞ்சம் ஐஸ் வைங்களன்."

வாப்பா சிரிக்கவில்லை. எஞ்சினை மூடியிருக்கும் முன்சீற்றைத் தூக்கி, காக்காவின் பெட்டியிலிருந்து செதில் ஒட்டிய ஐஸை எடுத்துச் சாக்கில் சுற்றிப் பெற்றோல் பம்பின்மேல் வைக்கிறார். நான் சாவியைத் திருகிப் பார்க்கிறேன், பிடிக்கவில்லை. பிறகு, பிளக்குகளுக்குக் கரண்ட் அனுப்பும் கொயிலின்மேல் அழுத்திப் பிடிக்கிறார். மீன்தண்ணி அவர் முழங்கையால் வழிகிறது.

"இப்ப திருகு, மகன்."

ஜன்னலால் கையை விட்டுத் திருகுகிறேன். எஞ்சின் உடனே பிடிக்கிறது.

"கொயில்," என்கிறார் வாப்பா. "இந்தச் சின்னச் சாமான்."

"அப்ப இனி வேன் ஓடுந்தானே," என்கிறார் காக்கா. "தம்பி ஏன் போறான்?"

வாப்பா சீற்றை இறக்குகிறார். நான் இருக்கப்போகும் இடத்தில் சிந்திய மீன்தண்ணியைத் தன் சாரன் தலைப்பால் மெதுவாகத் துடைக்கிறார். அது காய்ந்த பிறகும் துடைக்கிறார்.

"பாதை வந்திட்டு. ஏறு."