செல்லியம்மாள் வழியனுப்ப வரவில்லை

செல்லியம்மாள் கதவைத் திறக்கவேயில்லை.

மார்த்தா மறுபடியும் தட்டினாள். விடிந்தும் விடியாத நேரம். நேற்று மலையேறி வந்து ராத்தங்கிய பஸ், புறப்படத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது.

"செல்லி, நான்தான். ஊருக்குக் கெளம்பிட்டேன். கதவத் தொற."

உள்ளே சத்தமில்லை.

போலந்திலிருந்து கல்வராயன் மலைக்கு வந்து, சம்பளம் வாங்காமல் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தவள் மார்த்தா. வந்த புதிதில் பிள்ளைகள் தூர நின்று சிரித்தார்கள். பெரியவர்கள் தூர நின்று பார்த்தார்கள். கிட்டே வந்தவள் செல்லியம்மாள் ஒருத்திதான். கேழ்வரகுக் களியை மார்த்தா கறியை மெல்லுவது போல மென்றுகொண்டிருந்ததைப் பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தவள், அதைக் குழம்பில் தோய்த்து அப்படியே விழுங்கக் கற்றுக்கொடுத்தாள்.

அப்புறம் இவள் அவளுக்குக் கையெழுத்துப் போடச் சொல்லிக்கொடுத்தாள். அவள் இவளுக்கு வசவு சொல்லிக்கொடுத்தாள். பள்ளிக்கூடம் விட்டால் மார்த்தாவை யாரும் தேட வேண்டியதில்லை. செல்லியம்மாள் வீட்டு அடுப்படியில் இருப்பாள்.

நேற்று சாயங்காலம் போலந்திலிருந்து போன் வந்தது. அம்மாவுக்குப் பக்கவாதம், நினைவு வருவதும் போவதுமாக இருக்கிறது, முகத்தைப் பார்க்க வேண்டுமானால் உடனே புறப்படு என்றான் அண்ணன். இன்று ராத்திரி சென்னையில் விமானம். இந்த பஸ்ஸை விட்டால் அதைப் பிடிக்க முடியாது.

சேதி கேட்டதும் செல்லியம்மாள் அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். விடிகாலையில் தானே வந்து பஸ் ஏற்றிவிடுவதாகச் சொன்னாள். அவள்தான் இப்போது கதவைத் திறக்க மாட்டேன் என்கிறாள்.

"செல்லி, இன்னா ஆச்சு? எம்மேல கோவமா?"

ரொம்ப நேரம் கழித்துக் குரல் வந்தது. யாரோ எவரோ பேசுவது போல.

"தலவலி. பஸ்ஸு போயிடும். போ."

"ஒரு தடவ மொகத்தக் காட்டு."

"இன்னாத்துக்கு? போன்னு சொல்றன் இல்ல."

செல்லியம்மாளின் புருஷன் பச்சமுத்து ஒரு வாரமாக இளைப்பில் படுத்திருந்தான். அவனிடமாவது சொல்லிக்கொண்டு போகிறேன் என்று மார்த்தா கேட்டாள்.

"அது தூங்கிக்கினு இருக்குது. எழுப்பாத."

அதற்குள் பக்கத்து வீட்டு ராஜாம்பாள் வந்து மார்த்தாவின் கையைப் பிடித்து இழுத்தாள். இழுக்கும்போது அவளும் முகத்தைப் பார்க்கவில்லை. யாரோ பையைத் தூக்கிக்கொண்டு போய் பஸ்ஸுக்குள் வைத்தார்கள். ஊர்க் கவுண்டர் கொளஞ்சியப்பன், வண்டியை எடு வண்டியை எடு என்று டிரைவரை விரட்டிக்கொண்டிருந்தார். தினமும் கூப்பிட்டு வைத்துக் கதை பேசுகிற பெண்கள் கும்பலாக நின்றார்கள். ஒருத்தி வாயிலிருந்தும் ஒரு வார்த்தை வரவில்லை. ஒரு வாய் டீ குடி என்று சொல்லவும் ஆளில்லை.

புறப்படும்போது போறேன் என்று சொல்லக்கூடாது, போய்ட்டு வரேன் என்றுதான் சொல்ல வேண்டும் என்று எத்தனையோ தரம் அவளைத் திருத்தியவள் செல்லியம்மாள். மார்த்தா திரும்பி அந்த மூடிய கதவைப் பார்த்தாள்.

"போறேன்" என்றாள்.

யாரும் திருத்தவில்லை.

பஸ் நகர்ந்தது. அவளைச் சின்னசேலத்தில் ரயில் ஏற்றிவிடுவதற்காக, பள்ளிக்கூடத்தை நடத்தும் டிரஸ்ட் அனுப்பியிருந்த தனசேகரன் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தார். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

"மலைக்காரங்க சிநேகம் மழைக்கால ஓடை மாதிரி மேடம். வர்றப்ப பொங்கிக்கினு வரும். அப்பறம் பாத்தா வெறுங்கல்லு."

"நேத்து என்னைக் கட்டிக்கிட்டு அழுதா."

"அது நேத்து. நேத்து நீங்க டீச்சரு. இன்னிக்கு ஊருக்குப் போற ஆளு. உங்களால இனிமே இன்னா ஆவப்போவுது?"

மார்த்தா ஜன்னலில் நெற்றியை வைத்துக்கொண்டாள். பஸ் வளைவில் திரும்பியது. ஊர் மறைந்தது. அவள் திரும்பிப் பார்க்கவும் இல்லை.

மேலே, பஸ் நின்ற இடத்தில் கொளஞ்சியப்பன் அசையாமல் நின்று காதைக் கொடுத்துக்கொண்டிருந்தார். முதல் வளைவில் ஹாரன் கேட்டது. அதற்கும் கீழே இன்னொரு தரம், லேசாக. அதற்கப்புறம் ஒன்றும் கேட்கவில்லை.

அவர் செல்லியம்மாள் வீட்டுக்கு நடந்தார். பெண்கள் பின்னாலேயே போனார்கள். கதவை ஒரு தரம் தட்டினார். திறந்தது.

செல்லியம்மாள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பின்னால் பச்சமுத்து நீட்டிப் படுத்திருந்தான். கால் கட்டைவிரல்கள் இரண்டும் சேர்த்துக் கட்டப்பட்டிருந்தன. கோழி கூவுவதற்கு முன்பே மூச்சு நின்றுவிட்டது.

பெண்டாட்டி வாய்விட்டு அழுதால்தான் அந்த ஊரில் அது சாவு. அழுகைச் சத்தம் எழும்பிவிட்டால், பிணத்தை எடுக்கும்வரை ஊருக்குள் இருக்கிற யாரும் எல்லை தாண்டக் கூடாது. விருந்தாளியானாலும் கூடாது. கேரளாவுக்கு மிளகு பறிக்கப் போன மகன் வந்து சேர்ந்தால்தான் எடுக்க முடியும். மார்த்தாவோ, கூடாது என்று யாரும் சொல்லாவிட்டாலும், சேதி தெரிந்தால் செல்லியை விட்டு நகர மாட்டாள்.

பெண்கள் வாசலில் உட்கார்ந்து தலைமுடியை அவிழ்த்துவிட்டார்கள். கொளஞ்சியப்பன் செல்லியம்மாளின் வாயிலிருந்து முந்தானையை மெதுவாக உருவினார்.

"பஸ்ஸு எறங்கிடுச்சிம்மா. அந்தப் பொண்ணு அவங்கம்மா மொகத்தப் பாத்துடும். இனிமே நீ அழுவு."